பாலாற்றங்கரை மருத்துவர்

நாள்தோறும் குடியாத்தம் பேருந்தில் கல்லூரிக்கு வருபவன் நான். கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி என ஒவ்வோர் ஊராய்க் கடந்து பாலாற்றுப் பாலத்தின்மேல் பேருந்து ஏறும்போது, கீழே பரந்து கிடக்கும் மணலைப் பார்ப்பேன். என் பாட்டியைப் பெற்றவள் பிரசவத்தில் இறந்தவள். வேலூருக்குக் கொண்டுசெல்ல மாட்டுவண்டி பூட்டினார்களாம்; வண்டி ஊர் எல்லையைத் தாண்டுமுன் உயிர் பிரிந்துவிட்டதாம். ஊருக்கும் மருத்துவத்துக்கும் இடையே கிடந்த அந்தத் தூரத்தைக் குறைக்கவே வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவர்தான் டாக்டர் ஐடா சோபியா ஸ்கட்டர் அம்மையார்.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கட்டர் 1819-இலேயே இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவத் தொண்டர். தந்தையாரும் மருத்துவரே. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில், பசித்து வந்த பிள்ளைகளுக்கு ரொட்டி பிட்டுக் கொடுத்தபோது ஐடாவும் சிறு குழந்தையே. அக்காட்சி அவரை விட்டு அகலவில்லை. பின்னர்க் குடும்பம் அமெரிக்கா சென்றது. நெப்ராஸ்கா பண்ணையில் சில ஆண்டுகள் கழிந்தன. பிறகு கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள நார்த்ஃபீல்டு பள்ளியில் பயின்றார். அந்தப் பசுமையான ஆற்றங்கரையிலிருந்து வறண்ட பாலாற்றங்கரைக்குத் திரும்பும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை.

அன்றைய வட ஆர்க்காட்டு வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். உழவு, நெசவு, தோல் பதனிடுதல் ஆகியவையே பிழைப்பு. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைத்துப் பதப்படுத்துவர். கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுப்பர். பிரசவம் வீட்டிலேயே நடக்கும். ஊர் மருத்துவச்சியின் கைக்கு மீறினால் வேறு கதியில்லை. கோஷாப் பெண்களையும் அக்கிரகாரத்துப் பெண்களையும் அயல் ஆடவர் பார்க்கலாகாது என்ற கட்டுப்பாடு இருந்தது. மருத்துவமே தெரிந்த ஆடவர் பக்கத்திலிருந்தும் பயனில்லை.

இக்கொடுமையை அம்மையார் திண்டிவனத்தில் நேரில் கண்டார். நோயுற்ற தாயாரைக் கவனிக்க 1890-இல் அங்கு வந்திருந்தார். ஓரிரவு ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆடவர் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றவர் வேறொரு சாதி இந்து. மூவரின் இளம் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்தனர். பெண்ணாகிய ஐடாவையே மூவரும் அழைத்தனர். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையாரை அழைத்துச் செல்லுங்கள் என்று அவர் வேண்டியும் மூவரும் மறுத்துத் திரும்பினர். பொழுது விடிந்தது. மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. அவர்கள் பெயர்கூட இன்று நமக்குத் தெரியாது. ஆயினும் வேலூரின் வரலாற்றை மாற்றியவர்கள் அவர்களே.

ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூர் வந்து, வீட்டிலேயே ஒரு சிறு அறையில் வைத்தியம் தொடங்கினார். சமையற்காரரின் மனைவியே பழகிய முதல் உதவியாளர். இரண்டே ஆண்டுகளில் 5,000 பேருக்கு மருத்துவம் பார்த்தார். ஷெல் என்னும் நியூயார்க் வங்கியாளர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு, 1902-இல் 40 படுக்கைகளுடன் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது.

மருத்துவமனை கட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை. வர இயலாதவர் எத்தனை பேர் என எண்ணினார். 1909 முதல் பெஜோ மோட்டார் காரில் குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் புறப்பட்டார். தானாக ஓடும் வண்டியைக் கண்டு மக்கள் முதலில் மிரண்டு ஓடினார்களாம். நாளடைவில் மரத்தடிகளில் கூடிக் காத்திருக்கலாயினர். புண்ணைக் கழுவிக் கட்டுவதும், கண்ணுக்கு மருந்திடுவதும், கட்டியைக் கீறுவதும் சாலையோரத்திலேயே நடந்தன. சாதி பார்த்து ஒதுங்கியவர்களும் அந்த மரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

ஒருவர் கை எத்தனை ஊருக்குப் போதும்? எனவே 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். பெண்கள் தேறுவார்களா எனப் பலர் ஐயுற்றனர். முதல் தேர்வு எழுதிய 14 மாணவியரும் தேறினர். நால்வர் முதல் வகுப்பு. அப்பள்ளியே 1942-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைந்து, 1947 முதல் ஆடவரையும் சேர்த்துக்கொண்டு, இன்று சி.எம்.சி. என உலகறிய விளங்குகிறது. அம்மையார் 1960 மே மாதம் கொடைக்கானலில் இயற்கை எய்தினார்.

மாணவ நண்பர்களே, அந்தப் பெரிய கட்டடங்களை விட அந்தச் சாலையோர மரத்தடியே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நம்மில் பலர் கிராமத்திலிருந்து பேருந்தேறி நகரத்துக்குப் படிக்க வந்தவர்கள். திரும்பிப் போகும் சாலையை மறப்பது எளிது. வேற்று நாட்டில் வசதியாக வாழ்ந்திருக்கக்கூடிய ஒருவர் அதே சாலையில் வாரந்தோறும் நம் ஊர்களை நோக்கிச் சென்றார். மாலையில் குடியாத்தம் பேருந்தில் ஏறும்போதெல்லாம், பெயர் தெரியாத அம்மூவரும் என் பாட்டியின் தாயும் என் நினைவுக்கு வருகின்றனர். நாம் கற்பது யாருக்காக என அவர்கள் கேட்பதாகவே தோன்றுகிறது.