கேட்பவர் ஒருவர் உண்டு

கேட்க யாருமே இல்லாத காட்டில் ஒரு மரம் முறிந்து விழுந்தால், அங்கே சத்தம் உண்டாகுமா? சிறுவர்கள் விளையாட்டாகக் கேட்கும் விடுகதை போல இது தோன்றலாம். ஆனால் நள்ளிரவில் எல்லாரும் உறங்கிவிட்ட வீட்டில் வலியால் முனகுகின்ற நோயாளியின் உள்ளத்திலும் இதே கேள்விதான் எழுகிறது. எவர் காதிலும் விழாத என் குரல் ஒரு குரல்தானா? இந்தக் கேள்வியோடு பெயர் இணைந்துவிட்ட ஒருவரின் வாழ்வை இன்று நாம் சிந்திப்போம். அவர்தான் அயர்லாந்து நாட்டு மெய்யியல் அறிஞரும் ஆங்கிலிக்கன் சபை ஆயருமான ஜார்ஜ் பெர்க்லி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பெர்க்லி நகரம் இவருடைய பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

1685ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் அயர்லாந்தின் கில்கென்னி பகுதியில் பிறந்த பெர்க்லி, தமது 15ஆம் வயதில் டப்ளின் நகரின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1710ஆம் ஆண்டில் மனித அறிவு பற்றிய தமது முக்கிய நூலை வெளியிட்டபோது அவருக்கு வயது 25. மூன்று ஆண்டுகளுக்குப் பின், அதே கருத்தை இரு நண்பர்களின் உரையாடலாக எழுதினார். காட்டில் விழும் மரம் பற்றிய கேள்வியை இன்று நாம் கேட்கும் வடிவில் அவர் எழுதவில்லை. பார்க்க யாருமில்லாத பூங்காவில் உள்ள மரங்களைப் பற்றியே அவர் எழுதினார். அதிலிருந்து பின்னாளில் வளர்ந்ததே இந்தக் கேள்வி.

ஒலியைப் பற்றி அவர் சொன்னது இதுதான். காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் கலத்துக்குள் மணியை அடித்தால் ஓசை வெளியே வராது என்பது அன்றே அறியப்பட்டிருந்தது. ஆகவே ஒலி என்பது காற்றின் அசைவுதான் என்று உரையாடலில் ஒரு நண்பர் வாதிடுகிறார். மற்றவர் அதை மறுக்கிறார். அசைவைக் கண்ணால் காணலாம், கையால் தொட்டு உணரலாம். காதால் கேட்பது அசைவை அல்லவே! இனிமையான ஓசை, கடுமையான ஓசை என்றெல்லாம் நாம் சொல்வது கேட்பவர் உள்ளத்தில் உள்ளதைத்தான் என்கிறார். இன்றைய அறிவியலும் இந்த இரண்டையும் பிரித்தே பேசுகிறது. மரம் விழும்போது காற்றில் அதிர்வு எழும்; அதற்கு ஆள் தேவையில்லை. அதை ஓசையாக உணர்வதற்குக் காதும் மூளையும் தேவை.

அப்படியானால் யாரும் இல்லாதபோது உலகம் மறைந்துபோகுமா? இல்லை என்றார் பெர்க்லி. நாம் காணாதபோதும் கேட்காதபோதும் இறைவனின் உள்ளம் அனைத்தையும் அறிந்துகொண்டிருக்கிறது; அதனால்தான் எல்லாம் நிலைத்திருக்கின்றன என்றார். பொருள் என்று ஒன்று தனியாக இல்லவே இல்லை என்ற அவருடைய முடிவைக் கத்தோலிக்க மரபு ஏற்பதில்லை. இறைவன் படைத்தவற்றுக்கு உண்மையான இருப்பு உண்டு என்பதே நம் நம்பிக்கை. ஆனாலும் மனிதர் கேளாத இடத்திலும் கேட்பவர் ஒருவர் உண்டு என்ற எண்ணத்தில் நாமும் அவரோடு ஒன்றுபடுகிறோம்.

கேட்கப்படாமல் இருப்பதன் வேதனையைப் பெர்க்லி தாமே அனுபவித்தார். பெர்முடா தீவில் ஒரு கல்லூரி நிறுவ விரும்பிய அவருக்கு 20,000 பவுன் தருவதற்குப் பிரித்தானிய நாடாளுமன்றம் 1726ஆம் ஆண்டில் இசைந்தது. அதை நம்பி மனைவியோடு கடல் கடந்து, 1729ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரை அடைந்தார். அதன் அருகே ஒரு பண்ணை வாங்கிக் காத்திருந்தார். இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாகியும் பணம் வரவில்லை. 1731ஆம் ஆண்டில் வெறுங்கையோடு திரும்பினார்.

அந்தப் பண்ணையில் நடந்த இன்னொன்றையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே பெர்க்லி ஆப்பிரிக்க அடிமைகளை விலைகொடுத்து வாங்கினார். பிலிப், அந்தோணி, ஆக்னஸ் என்னும் மூவருக்கு 1731ஆம் ஆண்டில் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. அடிமைகளுக்குத் திருமுழுக்கு வேண்டும் என்று வாதாடிய அவர், அதனால் அவர்கள் விடுதலை பெற வேண்டியதில்லை என்றும் கருதினார். அம்மூவரின் பெயர்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவர்கள் பேசிய ஒரு சொல்கூட நம்மிடம் இல்லை. இதன் காரணமாகவே டிரினிட்டி கல்லூரி, தன் நூலகத்துக்கு இட்டிருந்த பெர்க்லியின் பெயரை நீக்க 2023ஆம் ஆண்டில் முடிவு செய்தது.

1734ஆம் ஆண்டு அவர் அயர்லாந்தின் தென்பகுதியில் உள்ள கிளோய்ன் மறைமாவட்டத்தின் ஆங்கிலிக்கன் ஆயரானார். சுற்றிலும் வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழைக் கத்தோலிக்கர்கள். நிலம் வாங்கவும், பள்ளி நடத்தவும், நாடாளுமன்றத்தில் அமரவும் அன்றைய சட்டம் அவர்களைத் தடுத்தது. நாட்டின் வறுமையைப் பற்றி நூற்றுக்கணக்கான கேள்விகளாலேயே ஆன நூல் ஒன்றை அவர் 1735ஆம் ஆண்டு முதல் மூன்று பகுதிகளாக வெளியிட்டார். 1740, 1741ஆம் ஆண்டுகளில் பஞ்சமும் கொள்ளைநோயும் அயர்லாந்தை வாட்டியபோது தம் பணத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்தார். மருத்துவர் இல்லாத ஊரில், பைன் மரத் தார் ஊறிய நீரை நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுத்தார். அந்த நீர் நோயைத் தீர்க்கும் என்று இன்றைய மருத்துவம் சொல்வதில்லை. ஆனால் நோயாளியின் வாசலுக்குச் சென்ற மனம் பெரிது. 1749ஆம் ஆண்டில் கத்தோலிக்கக் குருக்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதி, மக்களின் முன்னேற்றத்துக்காக ஒன்றாக உழைக்க அழைத்தார். ஏழைகளைச் சோம்பேறிகள் என்று கடிந்த வரிகளும் அதில் உண்டு. ஆயினும் டப்ளின் குருக்கள் அவருக்கு நன்றி கூறிப் பதில் எழுதினார்கள்.

1752ஆம் ஆண்டில் மகனின் படிப்புக்காகக் குடும்பத்தோடு ஆக்ஸ்போர்டு சென்றார். 1753 ஜனவரி 14ஆம் நாள், ஞாயிறு மாலை. மனைவி உரக்க வாசித்துக்கொண்டிருக்க, அவர் சாய்ந்து படுத்திருந்தார். தேநீர் கொடுக்க அருகில் வந்த மகள் தந்தையின் உயிர் பிரிந்திருப்பதைக் கண்டாள். எந்த வரியோடு அவர் கேட்பது நின்றது என்று அறையில் இருந்த எவருக்கும் தெரியவில்லை.

அன்பார்ந்தவர்களே, பாலைநிலத்தில் ஆகாரின் மகன் அழுதபோது அருகே ஊர் இல்லை, ஆள் இல்லை. இறைவன் அந்தக் குரலைக் கேட்டார் என்கிறது தொடக்கநூல். இஸ்மயேல் என்ற பெயருக்கே இறைவன் கேட்கிறார் என்பதுதான் பொருள். எகிப்தில் அடிமைகளாய் இருந்தவர்களின் கூக்குரலும் அவரை எட்டியது. அப்படியே பிலிப்பும் அந்தோணியும் ஆக்னசும் இரவில் விட்ட பெருமூச்சும் அவர் செவியில் விழாமல் போயிருக்காது. எதுவும் இறைவனுக்கு மறைவில்லை என்று உலகுக்கு எழுதிய மனிதர், தம் கூரையின்கீழ் வாழ்ந்தவர்களின் குரலைக் கேட்கவில்லை. அவர் எழுதிய உண்மையே அவரைத் தீர்ப்பிடுகிறது.

அது நம்மையும் தீர்ப்பிடும். இறைவன் கேட்கிறார் என்பது, தனிமையில் அழுபவருக்கு ஆறுதல். ஆனால் அருகில் இருக்கும் நமக்கு அது சாக்குப்போக்கு ஆகக் கூடாது. உள் அறையிலிருந்து மூன்றாம் முறையாக அழைக்கும் வயதான தாய், ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் வீட்டுப் பணியாள், எங்கேயும் பேசாமல் ஒதுங்கி நிற்கும் பிள்ளை. இவர்கள் குரலை இறைவன் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்று இரவு செபத்துக்கு முழந்தாளிடும் முன், அவர்களில் ஒருவர் அருகே அமர்ந்து நாமும் கேட்போம்.