கிள்ளானுக்கு ரயில் கொண்டுவந்த சுவெட்டன்ஹாம்: யார் இவர்?

கேஎல் சென்ட்ரலில் கொமியூட்டர் ஏறி கிள்ளான் துறைமுகம் வரைக்கும் போயிருக்கீங்களா? அந்தப் பாதையின் கதை 1886-இல் தொடங்குது. அதோடு சேர்ந்தே வரும் பெயர் பிராங்க் சுவெட்டன்ஹாம்.

யார் இவர்?

1850-இல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் பிறந்தவர். 1871-இல் பயிற்சி அதிகாரியாகச் சிங்கப்பூர் வந்தார். மலாய் மொழியைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார். 1874 பங்கோர் ஒப்பந்தப் பணிகளில் அவர் முக்கியப் பங்கு வகித்ததற்கு அதுவே காரணம். 1882-இல் சிலாங்கூரின் ரெசிடென்ட் ஆனார்.

ரயில் ஏன் தேவைப்பட்டது?

சிலாங்கூரின் தலைநகர் 1880-இல்தான் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியிருந்தது. ஈயம் கிடைப்பது உள்நாட்டில், கப்பல் நிற்பதோ கிள்ளான் பக்கம். நடுவில் ஆறு. படகில் போனால் நாள் கணக்கில் ஆகும். அதனால் ரயில் பாதை போடும் வேலையைத் தொடங்கினார். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. 1890-இல் ஆற்றைக் கடந்து கிள்ளானுக்கே வந்தது.

ஒரு மாநிலத்தோடு நின்றதா?

இல்லை. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களின் ஆட்சியாளர்களையும் 1895-இல் ஓர் ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க வைத்தவர் இவர்தான். 1896-இல் கூட்டரசு மலாய் மாநிலங்கள் உருவாகி, கோலாலம்பூர் தலைநகரானது. சுவெட்டன்ஹாம் அதன் முதல் ரெசிடென்ட்-ஜெனரல். மாநிலத்துக்கு மாநிலம் துண்டு துண்டாகக் கிடந்த தண்டவாளங்களை ஒரே திட்டமாக இணைக்க முடிந்தது. 1903-இல் பிறை முதல் சிரம்பான் வரை ரயில் ஓடியது. அவர் போன பிறகும் பாதை எல்லைகளைத் தாண்டியது. 1909-இல் ஜொகூர், 1918-இல் சயாம், 1923-இல் பாலம் வழியாகச் சிங்கப்பூர்.

எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தாங்களா?

அதுதான் இல்லை. கூட்டமைப்பு என்று சொன்னாலும் முடிவெல்லாம் கோலாலம்பூரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் கையில். 1903-இல் கோலாலம்பூரில் நடந்த ஆட்சியாளர்கள் மாநாட்டில் பேராக் சுல்தான் இட்ரிஸ் இந்த மனக்குறையை வெளிப்படையாகவே பேசினார். அப்போது சுவெட்டன்ஹாம் ஆளுநர்.

நம்ம மக்கள் எங்கே?

தண்டவாளம் போட்டவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏராளம். ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகள் இப்படித்தான் தமிழ்ப் பேச்சால் நிறைந்தன. 1901 செப்டம்பரில் சதுப்பு நிலத்தில் திறந்த புதுத் துறைமுகத்துக்கு சுவெட்டன்ஹாம் பெயரையே வைத்தார்கள். இரண்டே மாதத்தில் மலேரியா பரவி அதை மூட வேண்டி வந்தது. மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்துச் சீர்படுத்திய பிறகுதான் நோய் அடங்கியது. திட்டம் வரைந்தவர் பெயர் துறைமுகத்தில் நின்றது. காய்ச்சலில் விழுந்த கூலிகளின் பெயர் எங்கேயும் இல்லை.

இப்போது?

சுவெட்டன்ஹாம் 1904-இல் ஓய்வு பெற்று, 1946-இல் 96 வயதில் இங்கிலாந்தில் இறந்தார். 1972-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரும் போய், கிள்ளான் துறைமுகம் ஆனது. பாட்டி தாத்தாவைக் கேட்டுப் பாருங்க, பழைய பெயர் இன்னும் வாயில் வரும்.

ஜொகூர்–சிங்கப்பூர் ஆர்டிஎஸ் மாதிரி, நாடுகளை இணைக்கும் திட்டச் செய்தி அடுத்த முறை உங்க கைப்பேசியில் வரும்போது மூன்று கேள்வி கேளுங்க. முடிவு எடுப்பது யார்? பலன் யாருக்கு? அந்த வேலையைச் செய்து முடிப்பவர் யார்? 1886-இலும் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்தான் இவை.