கிளாட்னி பண்டிதரும் வான்கல்லும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த ஆழ்ந்த கரிசற் காடுகளில் உழுமுனையில் தட்டுப்படுவது பெரும்பாலும் சுக்கான்கல்லே. கறுத்துக் கனத்த வேறொரு கல் அகப்படின், இது வானத்தினின்று வீழ்ந்ததோ என்று உழவர் ஐயுறுவர். இவ்வையத்தைக் கேட்டு ஐரோப்பியப் பண்டிதர் நகைத்த காலம் ஒன்றுண்டு. அந்நகைப்பை மாற்றியவர் எர்ன்ஸ்ட் கிளாட்னி.

இவர் 1756-ம் ஆண்டில் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரிற் பிறந்தார். தந்தையார் சட்டப் பேராசிரியர், மிகுந்த கண்டிப்புடையவர். அவர் விருப்பத்துக்கிணங்கி மகனும் சட்டம் பயின்று 1782-ல் பட்டம் பெற்றார். அவ்வாண்டே தந்தையார் இறக்க, மகன் சட்டத்தைக் கைவிட்டு ஒலிநூலிற் புகுந்தார். உலோகத் தகட்டில் மணலைத் தூவி, வில்லால் அதன் விளிம்பை இழைத்து, ஒலியின் உருவங்களை வரைந்து காட்டியவர் இவரே. நம் மாணவர் இவரை அறிந்திருப்பது இதனாலேயாம். நிலையான உத்தியோகமின்றி ஊர்தோறும் விரிவுரை நிகழ்த்தியே இவர் பிழைத்தார்.

1793-ல் கட்டிங்கன் நகரில் லிக்டன்பர்க் என்னும் அறிஞருடன் எரிகோளங்களைப்பற்றி உரையாடியபின், அங்குள்ள நூல்நிலையத்தில் அமர்ந்து பழைய செய்திகளைத் திரட்டலானார். வெவ்வேறு தேசத்தில், வெவ்வேறு நூற்றாண்டில், ஒருவரையொருவர் அறியாத குடியானவர்கள் நெருப்பையும் இடிமுழக்கத்தையும் வீழ்ந்த கல்லையும் ஒரேவகையாய்க் கூறியிருந்தனர். வெறுத்துவிட்ட சட்டக்கல்வி இவருக்கு இங்கேதான் கைகொடுத்ததென்று நாம் கருதுகிறோம்; சாட்சிகள் கல்லாதவராயினும் பொய்யரல்லர் என இவர் துணிந்தார். பாரிஸ் பண்டிதர்களோ, லாவோஸியர் உட்பட, 1768-ல் லூஸே என்னுமிடத்தில் வீழ்ந்த கல்லை மின்னல் தாக்கிய நிலக்கல்லெனத் தீர்ப்பளித்திருந்தனர். சைபீரியாவிற் கிடைத்த பல்லாஸ் இரும்பு, எரிமலையும் உலைக்களமும் இல்லாத இடத்திற் கிடந்தமையால் வானத்ததே என்று 1794-ல் கிளாட்னி நூலெழுதினார். பலர் இகழ்ந்தனர்.

இகழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதமே இத்தாலியில் சியெனா நகரருகே கற்கள் பொழிந்தன. 1798 டிசம்பரில் நம் நாட்டுக் காசிநகர்ப் பக்கத்திலும் வீழ்ந்தன. காசிக் கல்லையும் பிறவற்றையும் சோதித்த ஹவர்டு என்னும் ஆங்கிலேயர், அவற்றின் இரும்பில் நிக்கல் கலந்திருத்தலை 1802-ல் வெளியிட்டார். 1803-ல் பிரான்ஸின் லேக்ல் நகரருகே ஏறக்குறைய மூவாயிரம் கற்கள் வீழவே, அரசாங்கம் அனுப்பிய பியோ நேரிற்சென்று விசாரித்து உண்மையென உறுதிசெய்தார். கிளாட்னி 1827-ல் பிரெஸ்லாவில் இறந்தார். அவர் சேர்த்த கற்கள் பெர்லினில் உள்ளன.

அவர் இறந்து முப்பதாண்டு கழிந்தபின், 1857 பிப்ரவரி 28-ம் நாள், கோவில்பட்டிக்குக் கிழக்கேயுள்ள பெருநாழிப் பக்கத்தில் இரு கற்கள் வீழ்ந்தன. பெரியது 134 ராத்தல். சிறியது 37 ராத்தல். பெரியது லண்டன் பொருட்காட்சிச்சாலையையும், சிறியது அமெரிக்காவில் ஓஹையோ நாட்டுக் கல்லூரியொன்றையும் சேர்ந்தன. ‘பார்னல்லி’ என்னுந் திரிந்த பெயரால் உலகத்தார் இதனை அறிவர். ஊர்ப்பெயர் இவ்வாறு சிதைந்தது நமக்கு வருத்தமே. இதனுள் நிறைந்துள்ள சிறுசிறு கல்லுருண்டைகளை இன்றும் ஆராய்கின்றனர்.

நம் பக்கத்தில் ஐயத்துக்கிடமான கல் கிடைப்பின், மேலே மெல்லிய கரிய தோலும் பெருவிரலால் அழுத்தியன்ன குழிகளும் உளவா என்று நோக்குக. காந்தம் பெரும்பாலும் பற்றும். ஆயினும் உலைக்கிட்டத்தையும் அது பற்றும். கிட்டத்திற் காற்றுக்குமிழித் துளைகள் காணும், வான்கல்லிற் காண்பதரிது. நிக்கலைச் சோதனைச்சாலையிலேயே அறியலாம். கல்லை உடையாமல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையாரிடம் சேர்ப்பித்து, வீழக் கண்டவருண்டேல் அவர் சொல்லையும் அன்றே எழுதிவைத்தல் வேண்டும்.