ரூடால்ப் டீசல்

சென்னையில், அடையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்திற்குத் தெற்கே ஊரூர்க் குப்பமும் ஒல்காட் குப்பமும் ஒன்றையொன்று ஒட்டி அமைந்துள்ளன. முன்னாளில் அங்கிருந்து கட்டுமரங்கள் துடுப்பையும் பாயையும் துணைக்கொண்டு கடலுக்குச் சென்றன. இன்றோ பொழுது புலருமுன்னரே பைபர் படகுகளின் எஞ்சின் ஒலி கரையெங்கும் கேட்கிறது. எஞ்சினை முடுக்கியவுடன் கரும்புகை எழுந்து கடற்காற்றில் கலைகிறது. அதில் ஊற்றும் எண்ணெய்க்கு டீசல் என்று பெயர் என்பதை அங்குள்ள சிறு குழந்தையும் அறியும். அது ஒரு மனிதரின் பெயர் என்பதை அறிந்தவர் சிலரே.

அக்கரும்புகை யாது? எண்ணெய் முற்றும் எரியாமையால் உண்டாகும் கரித்தூளே அது. மீனவர் பணம் கொடுத்து வாங்கிய எண்ணெயில் ஒரு சிறு பகுதி, படகைத் தள்ளும் பணியைச் செய்யாமல் புகையாக வெளியேறி, படகைச் செலுத்துவோரின் மூச்சிலேயே புகுந்துவிடுகிறது. எரிபொருளை வீணாக்காமல் எரிப்பது எவ்வாறு என்னும் வினாவே ரூடால்ப் டீசலின் வாழ்நாள் முழுவதையும் ஆட்கொண்டது.

அவர் 1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர், தந்தையார் தோற்பொருள்கள் செய்து விற்றவர். 1870இல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டது. பாரிசில் வாழ்ந்த ஜெர்மானியர் வெளியேற நேர்ந்தது. குடும்பம் இலண்டனில் வறுமையுற்றுத் தவித்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய ரூடால்ப், ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் இல்லத்திற்கு அனுப்பப்பட்டார். அங்கே கல்வியில் முதன்மை பெற்று, உதவித்தொகையுடன் மியூனிக் நகரத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தார்.

அக்கல்லூரியில் கார்ல் லிண்டே என்னும் பேராசிரியர் வெப்ப இயலைக் கற்பித்தார். அக்காலத்து நீராவி எஞ்சின், நிலக்கரி தரும் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கையேனும் வேலையாக மாற்றுவது அரிது என அவர் விளக்கினார். எஞ்சிய தொண்ணூறு பங்கும் வீண் என்னும் செய்தி மாணவரின் உள்ளத்தில் முள்ளெனத் தைத்தது. அதனை நீக்கும் வழியைத் தேட வேண்டுமெனத் தம் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டார். 1880இல் சிறப்பான தேர்ச்சி பெற்றார். பின்னர்ப் பல ஆண்டுகள், லிண்டேயின் பனிக்கட்டித் தொழிலில் பணியாற்றி வாழ்க்கை நடத்தினார்.

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பைத் தொட்டுப் பார்த்தோர், காற்றை அழுத்தினால் சூடேறும் என்பதை அறிவர். மலேயா நாட்டு மக்கள் இவ்வியல்பைக் கொண்டு, சிறு குழாயில் காற்றை விரைந்து அழுத்தித் தீமூட்டி வந்தனர். அத்தகைய குழாய் ஒன்றை ரூடால்ப் மாணவப் பருவத்திலேயே கண்டார் எனக் கூறுவர். உருளைக்குள் காற்றை மிகுதியாக அழுத்தி, அது கொதிக்கும் நிலையில் எண்ணெயைச் செலுத்தினால், தீப்பொறி இல்லாமலே எண்ணெய் பற்றிக்கொள்ளும். வெப்பமும் மிகுதியாகப் பயன்படும். இக்கருத்துக்கு 1893இல் காப்புரிமை பெற்றார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குருப் நிறுவனமும் பொருளுதவி செய்ய முன்வந்தன.

எழுதுவது எளிது; இரும்பில் வடிப்பது எளிதன்று. அவர் முதலில் கணக்கிட்ட பேரழுத்தம் நடைமுறைக்கு ஏற்றதாக இல்லை. ஆகவே அதனைப் பெரிதும் குறைத்துக்கொண்டார். 1893 ஆகஸ்டில் முதற்சோதனை நடந்தபொழுது, அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றோர் உயிர் தப்பியது அரிதாயிற்று. ஆயினும் எண்ணெய் தானே பற்றும் என்பது அவ்வெடிப்பினாலேயே உறுதியாயிற்று! 1894 பிப்ரவரியில் எஞ்சின் ஏறத்தாழ ஒரு நிமிடம் தானே ஓடியது. அதன்பின்னும் எண்ணெய் சரிவர எரியாமல் புகை கக்கியது.

இதன் காரணத்தை நம் வீட்டு அடுப்பே காட்டும். பெருங்கட்டையைத் திணித்தால் அடுப்பு புகையும். சுள்ளியாகப் பிளந்து, காற்றுப் புக இடம்விட்டு அடுக்கினால் கொழுந்துவிட்டு எரியும். எண்ணெயும் அத்தகையதே. பெருந்துளிகளாக விழுந்தால் துளியின் நடுவே காற்றுப் புகாது, அது கரியாகும். டீசல் பல முறைகளை மாற்றி மாற்றி ஆராய்ந்து, அழுத்திய காற்றைப் பீய்ச்சி எண்ணெயை மென்தூவலாக்கும் முறையைக் கைக்கொண்டார். 1897 பிப்ரவரி 17ஆம் நாள் பேராசிரியர் ஷ்ரோட்டர் அவ்வெஞ்சினை முறைப்படி சோதித்து, நூற்றுக்கு 26 பங்கு வெப்பம் வேலையாகிறது எனக் கண்டறிந்தார். உலகம் வியந்தது. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில், நிலக்கடலை எண்ணெயைக் கொண்டும் டீசல் எஞ்சின் ஒன்று ஓட்டிக் காட்டப்பட்டது. 1912இல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் நோக்கிச் சென்ற செலாந்தியா என்னும் டீசல் கப்பலுக்குப் புகைபோக்கியே இல்லை.

ஆனால் புகை முற்றும் ஒழிந்துவிடவில்லை. டீசல் வென்றது பாதியே. 1927 முதல் ராபர்ட் பாஷ் நிறுவனத்தார் செய்தளித்த பம்புகள் எண்ணெயையே நேரடியாக அழுத்தித் தூவின; பிற்காலத்து மின்னணுக் கருவிகள் ஒரே எரிப்பின்பொழுது எண்ணெயைப் பலமுறை பகுத்துத் தூவலாயின. இங்கே வேறொரு சிக்கலும் எழுந்தது. எண்ணெய் நன்கு எரிந்து வெப்பம் மிகுந்தால், காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நச்சு வாயுக்களாகின்றன. வெப்பத்தைத் தணித்தாலோ கரித்தூள் பெருகுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே அடக்குவதுதான் கடினம். டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு அறிவித்தது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் புதிய சாலை வண்டிகளுக்குக் கடுமையான புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருத்தலாகாது என்றும் ஆயிற்று. ஊரூர்க் குப்பத்திலிருந்து சில கல் தொலைவில், 1959இல் ஜெர்மனியின் உதவியுடன் நிறுவப்பெற்ற சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், எரிதலை ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குகிறது.

இவ்வளவுக்கும் வித்திட்டவரின் இறுதி நாட்கள் இனியவையாக அமையவில்லை. காப்புரிமை வழக்குகளும் ஓயாத உழைப்பும் அவர் உடல்நலத்தைக் கெடுத்தன. 1898இல் நரம்புத் தளர்ச்சிக்கு மருத்துவம் பெற்றார். ஈட்டிய பெரும்பொருள் நிலபேரங்களில் கரைந்தது. கடன் மிகுந்தது. 1913 செப்டம்பர் 29ஆம் நாள் மாலை, இங்கிலாந்து செல்வதற்காக ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலில் ஏறினார். இரவு உணவுக்குப்பின் தம் அறைக்குச் சென்றார். மறுநாட் காலையில் அவரைக் காணவில்லை. படுக்கை கலையாமல் இருந்தது. அவர் கடலில் வீழ்ந்தது எவ்வாறு என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. சில நாட்களுக்குப்பின் டச்சுப் படகொன்றில் சென்றோர் அலைகளிடையே ஓர் உடலைக் கண்டனர். சட்டைப் பையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூடு முதலிய சிறு பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டனர். அப்பொருள்கள் தம் தந்தையாருடையனவே என்று டீசலின் மகன் அடையாளம் கூறினார்.