குதிரை முதுகில் ஒரு கோடு

எஸ்.டி.பி.எம். முடிவு வந்தபோது மருத்துவம் படிக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை. உயிரியல் துறையில் சேர்ந்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் முகம் சொன்னது.

முதலாம் ஆண்டில் ஒருநாள் விரிவுரையாளர் ஒரு குதிரைப் படத்தைக் காட்டினார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் திரியும் கைகர் மஸ்டாங் அது. மணல் நிற உடல். பிடரியிலிருந்து வால்வரை கருங்கோடு. கால்களில் வரிக்குதிரைபோல் வரிகள். இந்த நிறத்துக்கு ‘டன்’ என்று பெயர். இத்தகைய கோடுகளின் காரணத்தைத் தேடியவர் சார்ல்ஸ் டார்வின் என்று அவர் சொன்னதும், நூலகம் சென்று டார்வினின் வாழ்க்கையைப் படித்தேன்.

1809-இல் இங்கிலாந்தில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர் டார்வின். தந்தையின் விருப்பப்படி எடின்பரோவில் மருத்துவம் படிக்கச் சென்றார். மயக்க மருந்து இல்லாத காலம். அறுவைச் சிகிச்சையைக் காணச் சகிக்காமல் பாதியில் வெளியே ஓடினார். 1827-இல் படிப்பையே விட்டுவிட்டார். அந்தப் பக்கத்தில் சற்று நேரம் நின்றுவிட்டேன்.

1831-இல் ‘பீகிள்’ கப்பலில் புறப்பட்டு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் உலகைச் சுற்றினார். அர்ஜென்டினாவில், எப்போதோ அழிந்துபோன குதிரை ஒன்றின் புதைபடிவப் பல்லைக் கண்டெடுத்தார். இன்றைய மஸ்டாங்குகள் அந்தக் குதிரைகளின் வாரிசுகள் அல்ல. ஸ்பானியர் கப்பலில் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை.

நாடு திரும்பியபின் அவர் உடல்நலம் குன்றியது. கெண்ட் வட்டாரச் சிற்றூர் ஒன்றில் குடியேறி, கடிதங்கள் மூலமே தகவல் திரட்டினார். கோடுள்ள குதிரைகளைப் பற்றிய செய்திகள் நார்வே முதல் நம் மலாய்த் தீவுக்கூட்டம் வரை பல இடங்களிலிருந்து சேர்ந்தன. இந்தியாவின் கத்தியவாரில், கோடில்லாத குதிரையைத் தூய இனமாகக் கருதுவதில்லை என்றும் அறிந்தார். பெல்ஜிய வண்டிக்குதிரை ஒன்றின் கோடுகளை அவருடைய மகனே வரைந்து கொடுத்தார்.

குதிரை, கழுதை, வரிக்குதிரை ஆகிய எல்லாம் வரியுள்ள ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. அந்தப் பழைய அடையாளமே அவ்வப்போது தலைகாட்டுகிறது என்று, 1859-இல் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் எழுதினார். ஆனால் பண்புகள் தலைமுறை கடந்து வரும் விதத்துக்கு அவர் பின்னர் கூறிய விளக்கம் தவறாகிப் போனது. 1882-இல் மறைந்தார்.

2015-இல் ஆய்வாளர்கள் டன் நிறத்துக்குக் காரணமான டிபிஎக்ஸ்3 என்னும் மரபணுவைக் கண்டறிந்தனர். டன் குதிரையின் முடியில் ஒரு பக்கம் மட்டுமே நிறமி சேர்வதால் உடல் வெளிறித் தெரிகிறது. கோடுள்ள இடத்தில் முடி முழுவதும் நிறமி உண்டு. டன் நிறமே குதிரைகளின் ஆதி நிறம் என்பதும் உறுதியானது.

விடுமுறையில் அப்பாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, கோடு ஏன் முதுகில் மட்டும் இவ்வளவு நேராக வருகிறது என்று கேட்டார். என் படிப்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. பதில் எனக்குத் தெரியவில்லை. தேடிச் சொல்கிறேன் என்றேன்.