பிரோபெல் பெருந்தகையார்

க்ஷேத்திரகணிதம் என்னும் பெயரைக் கேட்டமாத்திரத்தே அஞ்சும் மாணாக்கர் பலர். அஃது அவர்தம் அறிவின் குறையன்று. காணாத கோணத்தையும் தொடாத கனத்தையும் சொல்லளவில் மனனம் செய்விக்கும் முறையின் குறையே என்பது எமது துணிபு. இம்முறையை மாற்ற முயன்ற பெரியோருள் ஒருவராகிய ஜெர்மனி தேசத்துப் பிரெடரிக் பிரோபெல் என்பாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இவர் 1782-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி துரிங்கியாவிலுள்ள ஓபர்வைஸ்பாக் என்னும் ஊரிற் பிறந்தார். ஓராண்டு நிறையுமுன்னரே தாயை இழந்தார். கிறிஸ்தவ குருவாகிய தந்தையார்க்கோ திருச்சபைப் பணியால் ஓய்வில்லை. பதினைந்தாம் வயதில் வனத்தொழில் பயில ஒருவரிடம் அமர்ந்து, கணிதத்தைப் பெரும்பாலும் தாமே கற்றார். பின்னர் யேனா சர்வகலாசாலையிற் சேர்ந்து, கடன் தீர்க்க வகையின்றி ஒன்பது வாரம் சிறையிலிருந்து ஊர் திரும்பினார்.

1805-இல் பிராங்பர்ட் நகரத்தில் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். 1808 முதல் ஈராண்டு சுவிட்ஸர்லாந்தில் பெஸ்டலோஜி என்னும் கல்வியாசிரியரை அடுத்திருந்து, பொருளைக் காட்டிக் கற்பிக்கும் நெறியை உணர்ந்தார். அதன்பின் பெர்லினில் வைஸ் என்னும் பேராசிரியரின்கீழ்ப் படிகங்களை ஆராய்ந்தார். எளிய உப்புப் பரலும் சதுர முகங்களோடு கனவடிவாய் விளைதலைக் காண்கின்றோமன்றோ? இயற்கையின் இவ்வொழுங்கைக் கண்ட பயிற்சியே அவர் பிற்காலத்து ஆக்கிய கருவிகட்கு வித்தாயிற்று.

1816-இல் சிறு பள்ளியொன்றைத் தொடங்கி, மறு ஆண்டில் அதனைக் கைல்ஹௌ என்னும் ஊருக்கு மாற்றினார். 1837-இல் பிளாங்கன்பர்க்கில் இளங்குழந்தைகட்கென நிறுவிய சாலைக்கு, 1840-இல் கிண்டர்கார்ட்டன், அஃதாவது குழந்தைத் தோட்டம், எனப் பெயரிட்டார்.

அங்கே குழந்தைகட்கு அவர் அளித்த கருவிகள் பரிசில்கள் எனப்பட்டன. முதலாவது, கம்பளி நூலாற் செய்த பல வண்ணப் பந்துகள். இரண்டாவது, மரத்தாலாய உருண்டையும் உருளையும் கனமும். மூன்றாவது, எட்டுச் சிறு கனங்களாகப் பிரியும் ஒரு கனம். இதனைப் பிரித்து அடுக்கும் குழந்தை, பாதி நான்கென்றும், கால் இரண்டென்றும், அரைக்கால் ஒன்றென்றும் ஒருவர் சொல்லாமலே அறிகின்றது. ஊறிய பட்டாணியிற் குச்சிகளைச் செருகி உருவங்கள் அமைத்தலும், காகிதம் மடித்தலும் பின்னர் வருவன.

இத்துணை நன்மை செய்தவர்க்கும் இடர் நேர்ந்தது. தமையன் மகனாகிய கார்ல் என்பாரின் கொள்கைகளை இவருடையனவாக மயங்கிய பிரஷ்ய அரசாங்கத்தார், நாத்திகம் பரப்புவனவென்று கூறி, 1851 ஆகஸ்டில் இச்சாலைகளைத் தடுத்தனர். முறையீடு பயன்படவில்லை. 1852 ஜூன் 21-இல் அவர் உயிர் நீத்தார். தடை நீங்கியதோ 1860-இல். கனம், உருளை, உருண்டை ஆகிய மூன்றுமே அவர் கல்லறை மீது அடுக்கிய நினைவுச் சின்னமாய் நிற்கின்றன.

அவர் விதைத்தது நம் நாட்டிலும் முளைத்தது. சென்னையில் 1893-இல் டி. சுந்தரராவ் என்பார், கிண்டர்கார்ட்டன் காகித மடிப்பிலிருந்து கருத்தெடுத்து, மடிப்பினாலேயே க்ஷேத்திரகணிதம் பயிற்றும் நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அது 1901-இல் அமெரிக்காவிலும் பதிப்பிக்கப்பெற்றது.

அன்பர்காள்! இதற்குப் பெரும்பொருள் வேண்டா. சதுரக் காகிதமொன்றை மூலைக்கு மூலை மடிப்பின் இரு பக்கம் ஒத்த முக்கோணம் தோன்றும். ஈர்க்கும் களிமண்ணும் கொண்டு கனம் சமைக்கலாம். நும் மக்கள் கையில் இவற்றை முதலிற் கொடுமின். சூத்திரம் பின்னர் வருக. கை அறிந்ததை மனம் எளிதில் மறவாது.