செம்புக்காசில் அரசு கண்ட முதலியார்

ஈழத்தமிழர் வரலாற்றை ஆராய்ந்த பெரியோருள் முதலியார் செ. இராசநாயகம் அவர்கள் (1870–1940) முன்வரிசையிலே வைத்து எண்ணப்படுபவர். அரசாங்க சேவையில் அமர்ந்திருந்த அவர், ஏட்டோடு நில்லாது பழங்காசுகளையும் சான்றாகக் கொண்டார்.

யாழ்ப்பாணத்திற் கிடைக்கும் செம்புக்காசுகள் சிலவற்றில் ஒருபுறம் நிற்கும் மனித உருவமும், மறுபுறம் படுத்திருக்கும் நந்தியும் அதன்கீழ்ச் ‘சேது’ என்னுந் தமிழ்ச் சொல்லும் உள. இராமநாதபுரத்துச் சேதுபதிகள் வெளியிட்டவை இவையெனச் சிலர் கருதினர். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளும் சேதுகாவலர் எனப் பெயர் பெற்றவர். நந்தியே அவர்தங் கொடி. ஆதலின் இவை அவர்தங் காசுகளே என்பது முதலியார் துணிபு. 1924 இல் கொழும்பு நூதனசாலை வெளியிட்ட கொட்றிங்டன் துரையின் நாணய நூலும் இவற்றை யாழ்ப்பாண மன்னர்க்கே உரியனவாக்கிற்று.

முதலியாரின் ஆராய்ச்சி 1926 இல் ஆங்கிலத்திலும், ‘யாழ்ப்பாணச் சரித்திரம்’ என 1933 இல் தமிழிலும் நூலுருப் பெற்றது.

கடைத்தெருவிற் செல்லாத காசு, ஓர் அரசுக்குச் சாட்சி சொல்லிற்று. காசின் மதிப்பு செம்பின் நிறையில் அன்று, அதன் எழுத்திலே உளது. ஆதலின், மாணவர்காள், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உங்கள் வீட்டுப் பெட்டகத்திற் பழங்காசொன்று கிடைப்பின், புளியிட்டுத் துலக்காதீர். எழுத்துத் தேயின் சான்றுந் தேயும்.